ஓடுகிற காலை வெண்கலத்தில் வார்ப்பது

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு நடப்பது தனிச் சுகம். தெற்கு முனையில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலை. 1870இல் வைத்தது, 2.88 மீட்டர் உயரம். அங்கிருந்து வடக்கே போனால் கைத்தடியோடு காந்தி, சுற்றிலும் கருங்கல் தூண்கள். போன மாதம் அக்கா மகனோடு இந்த வழியில் நடந்தேன். உப்பளம் மைதானத்தில் கால்பந்து பழகுகிற பையன். சிலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன், "மாமா, விளையாடுறவங்களுக்கு யாரும் சிலை வைக்க மாட்டாங்களா?" என்று கேட்டான்.

வைப்பார்கள் என்று சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி அதோடு போகவில்லை. தலைவருக்கு வைக்கும் சிலையும் ஆட்டக்காரருக்கு வைக்கும் சிலையும் ஒரே வேலை இல்லை. தலைவர் நின்றால் போதும். ஒரு கையைத் தூக்கினாலோ புத்தகத்தைப் பிடித்தாலோ ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆட்டக்காரரை அப்படி நிறுத்தினால் அவர் ஆடவே இல்லை. நம் பக்கம் விளையாட்டு வீரர் சிலை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த வித்தியாசத்தை யாராவது முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டில் வென்றவருக்கோ விழுந்தவருக்கோ நினைவுச் சின்னம் எழுப்புவது வெளியூரிலிருந்து வந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த நடுகல் ஒரு சேவலுக்கு வைத்தது. கோழிச் சண்டையில் முகையூர் மேற்சேரிக்காக ஆடிய கோழி அது. வரலாற்று ஆய்வாளர்கள் அந்தக் கல்லை 5ஆம் நூற்றாண்டு வாக்கில் வைக்கிறார்கள். கல்லில் சேவலின் உருவத்தைச் செதுக்கி, பக்கத்தில் அது எந்தச் சேரியின் கோழி என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆநிரை மீட்டு விழுந்த வீரனுக்குக் கல் நட்ட அதே மனசு, ஊர்ப் பெருமைக்காகக் களத்தில் இறங்கிய பறவைக்கும் கல் நட்டது. கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எட்டிப் போகிற தூரம்தான். பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப் போக வேண்டும்.

சரி, கல் இருக்க வெண்கலம் எதற்கு?

கிரேக்கச் சிற்பி மைரன் வட்டு எறிபவனைச் செய்தது கி.மு. 5ஆம் நூற்றாண்டில், வெண்கலத்தில். உடம்பை முறுக்கி, கையைப் பின்னால் வீசி, அடுத்த நொடி வட்டு பறக்கப் போகிற நிலை. அந்த மூலச் சிலை இன்று இல்லை. ரோமானியர் அதைப் பார்த்துப் பளிங்கில் செய்த நகல்கள் இருக்கின்றன. அவற்றில் வட்டு எறிபவனின் காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டை நிற்கும். எறிபவனுக்கும் அந்தக் கட்டைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மெல்லிய கணுக்காலில் முழு உடம்பின் பாரமும் சாய்வாக இறங்கினால் பளிங்கு விண்டுபோகும். அதனால்தான் முட்டுக்கொடுக்கும் அந்தக் கட்டை. வெண்கலம், அதாவது செம்போடு வெள்ளீயம் கலந்த உலோகம், இழுவையையும் தாங்கும், சற்று வளைந்தும் கொடுக்கும். காலைத் தூக்கலாம், கையை வீசலாம், உடம்பைச் சாய்க்கலாம்.

இதை நமக்குச் சொல்லித்தர கிரேக்கம் வரை போகத் தேவையில்லை. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே சிதம்பரம் இருக்கிறது. அங்கே நடராஜரின் வலது கால் முயலகன் முதுகில் ஊன்றியிருக்கிறது, முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. இடது கால் உடம்புக்குக் குறுக்கே தூக்கி நிற்கிறது. நான்கு கைகளும் நான்கு திசையில். பாரம் முழுவதும் ஒரே பாதத்தில் இறங்குகிறது, ஆனாலும் விழப் போகிறது என்ற எண்ணமே பார்க்கிறவருக்கு வருவதில்லை. மற்ற கோயில்களில் மூலவர் கருவறையிலேயே இருப்பார், உற்சவர்தான் வெளியே வருவார். தில்லையில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் நடராஜரே தேரேறி வீதிக்கு வருகிறார். ஒற்றைக் காலில் ஆடுகிற மூர்த்தி, குலுங்குகிற தேரில் ஊர் சுற்றித் திரும்புகிறது. பந்தை உதைக்கிற காலைத் தூக்கி, ஊன்றிய காலில் நிற்கும் ஓர் ஆட்டக்காரரின் சிலைக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

நடராஜர் உருவங்களில் கவனிக்க இன்னொன்று உண்டு. பறக்கிற சடையும் இடைத் துணியின் நுனியும் பல சிலைகளில் திருவாசியைத் தொட்டு நிற்கும். கண்ணுக்கு அது ஆட்டத்தின் வேகம். அதே சமயம் அது சிலைக்குப் பிடிமானமும்கூட. காளிங்க நர்த்தனக் கண்ணன் ஒரு காலைத் தூக்கியபடி பாம்பின் வாலைக் கையில் பிடித்திருப்பான். அந்த வாலும் கதையோடு சேர்ந்தது, பாரத்தையும் பகிர்ந்துகொள்கிறது. முட்டுக்கட்டையை ஒட்டவைக்காமல், கதைக்குள்ளேயே முட்டுக்கொடுப்பதைத் தேடிக்கொண்ட அறிவு அது. பந்து, மட்டை, வலை, தரையில் சரியும்போது எழும் புழுதி என்று விளையாட்டிலும் இப்படிப் பிடிமானம் தரக்கூடியவை நிறைய இருக்கின்றன.

நான்கு கைகள் என்றதும் தியான்சந்த் ஞாபகம் வருகிறது. ஆஸ்திரியாவின் வியன்னாவில் அவருக்கு நான்கு கைகளும் நான்கு ஹாக்கி மட்டைகளும் கொண்ட சிலை இருப்பதாக ஒரு கதை பல காலமாக உலவுகிறது. அப்படி ஒரு சிலை இருந்ததற்குத் தடயம் கிடைத்ததில்லை. ஆனாலும் அந்தக் கதை ஏன் சாகவில்லை என்பது எனக்குப் புரிகிறது. இரண்டு கையை வைத்துக்கொண்டு அவர் ஆடிய வேகத்தைக் காட்ட முடியாது என்று நினைத்த யாரோ ஒரு ரசிகர் தன் மனசில் வார்த்த சிலை அது.

இனி வார்ப்புக்கு வருவோம். கடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியே கும்பகோணம் போய், பக்கத்தில் சுவாமிமலையில் இறங்கினால் இந்த வேலையை நேரில் பார்க்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் பிடிக்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலையை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். மெழுகு உருவின் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, அப்புறம் கனமான மண்ணைப் போர்த்திக் கம்பி கட்டுகிறார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. பிறகு வாரக்கணக்கில் அரமும் உளியும் வைத்து ராவி, நுணுக்கம் எடுக்கிறார்கள். சுத்தமான செம்பு 1,085 டிகிரி செல்சியஸில்தான் உருகும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் உருகும் சூடு ஏறக்குறைய 1,000 டிகிரிக்கு இறங்கும், விரல் நுனி வரை உலோகம் தங்குதடையில்லாமல் ஓடும்.

இதில் உள்ளும் உலோகமாகவே இருக்கும் கன வார்ப்பு, உள்ளே வெற்றிடம் விடும் பொள்ளல் வார்ப்பு என்று இரண்டு உண்டு. பூசைக்குப் போகும் மூர்த்திகளைக் கனமாகவே வார்ப்பார்கள். மைதானச் சிலைக்கு அது ஆகாது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பு கிட்டத்தட்ட 70 லிட்டர் இடத்தை அடைக்கும். வெண்கலம் தண்ணீரைவிட ஏறக்குறைய 8.8 மடங்கு கனம். அதே அளவில் உள்ளே வெற்றிடம் இல்லாமல் வார்த்தால் 600 கிலோவைத் தாண்டும். 6 மில்லிமீட்டர் தடிப்பில் தோலாக மட்டும் வார்த்தால் சுமார் 100 கிலோவில் முடிந்துவிடும். உலோகத்தின் விலையும் செலவில் சேர்வதால் இந்த ஒரு முடிவு பட்ஜெட்டைப் பாதிக்கும்.

பெரிய பொதுச் சிலைகளில் வழி கொஞ்சம் மாறும். களிமண்ணில் முழு உருவம் செய்து, அதன் மேல் ரப்பர் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் மெல்லிய மெழுகுத் தோல் பிடித்து, பகுதி பகுதியாக வார்த்து, பிறகு பற்றவைத்துச் சேர்ப்பார்கள். இதில் ரப்பர் அச்சு உடையாமல் மிஞ்சும். அந்த அச்சைப் பத்திரப்படுத்தும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் வெண்கலச் சிலையை 2024 ஜனவரியில் திருடர்கள் கணுக்காலோடு அறுத்துக்கொண்டு போனார்கள். பீடத்தில் காலணிகள் மட்டும் நின்றன. அச்சு இருந்ததால் அதே ஆண்டு புதுச் சிலையை வார்த்து நிறுத்திவிட்டார்கள். செம்பு விலை ஏறும்போதெல்லாம் கோயில் மணி முதல் மின்கம்பி வரை காணாமல் போகிற நாட்டில் இதை மறக்கக் கூடாது.

முகம் ஒரு பெரிய பொறி. போர்ச்சுகலின் மடீரா விமான நிலையத்தில் 2017இல் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் மார்பளவு வெண்கலச் சிலையைத் திறந்தபோது, அந்த முகத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. அடுத்த ஆண்டே அதை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். 2023 நவம்பரில் மும்பை வான்கடே மைதானத்தில் சச்சின் சிலையைத் திறந்தபோது, முகம் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் மாதிரி இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ரொனால்டோவுக்குத் தலையும் தோளும் மட்டும் செய்தார்கள். முகம் தவறியதும் மிச்சம் ஒன்றுமில்லை. சச்சின் சிலையில் பந்தைத் தூக்கி அடித்து முடித்த தோளும் மட்டையும் இருக்கின்றன. முதுகுப்புறமாக நின்று பார்த்தாலும் அவர்தான் என்று தெரியும். காலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவர்கள் வீரரின் கண் மூக்கை எங்கே பார்க்கிறார்கள்? ஓடி வருகிற விதத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். சிலை செய்கிறவர் ஒரு புகைப்படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினால் தப்பு அங்கேயே நடந்துவிடும். ஆட்டத்தின் காணொளியும், கூட ஆடியவர்களின் நினைவும், முடிந்தால் அந்த வீரர் போட்டுப் பழகிய காலணியும் சிற்பியின் பட்டறைக்குப் போக வேண்டும்.

அசைவு இல்லாமலும் ஆட்டத்தைச் சொல்லலாம் என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1885இல் ரோமில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த கிரேக்கக் குத்துச்சண்டை வீரர் சிலை. சண்டை முடிந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் தோல் வார் சுற்றியிருக்கிறது. மூக்கு நசுங்கி, காது தடித்து, யாரோ கூப்பிட்டது போலத் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். காயங்களிலும் சொட்டிய ரத்தத்திலும் சிற்பி தனியாகச் செம்பைப் பதித்திருக்கிறார். சுற்றியுள்ள வெண்கலத்தைவிட அது சிவப்பாகத் தெரியும். தோற்றாரா ஜெயித்தாரா என்று சிலை சொல்வதில்லை. விளையாட்டில் வெண்கலம் என்றால் மூன்றாம் இடத்துப் பதக்கம்தான் என்று பழகிவிட்ட நமக்கு, அந்த உலோகத்தின் முழு உயரத்தை இந்த ஒரு சிலை காட்டிவிடும்.

நம் ஊருக்கு வந்தால், பெரிய எதிரி உப்புக்காற்று. செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குத் தெரிந்த உவமை. வெளியிலிருந்து வந்து ஒட்டுவதில்லை, கூடவே இருப்பது என்று உயிரையும் ஆணவ மலத்தையும் சொல்ல அதை எடுத்தார்கள். சாதாரணப் பச்சைப் படிவம் சிலைக்குக் கெடுதல் செய்வதில்லை, அடியிலுள்ள உலோகத்தை மூடிக் காக்கும். கடலோரத்தில் நடப்பது வேறு. காற்றில் வரும் உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரமும் பிராணவாயுவும் பட்டால் அமிலமாகி, மறுபடி உலோகத்தைத் தின்னும். இது தானாக நிற்காது. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து குழி விழும். வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர். வருஷத்துக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு பூச வேண்டும். பறவை எச்சத்தை அவ்வப்போது எடுக்க வேண்டும். அவ்வளவுதான் மருந்து. விழாவுக்கு முந்தின நாள் தங்கக் கலர் பெயிண்ட் அடிப்பது சிலையைக் கொல்லுகிற வேலை. பெயிண்டுக்கு அடியில் ஈரம் தங்கி, அரிப்பு யார் கண்ணுக்கும் படாமல் நடக்கும்.

உள்ளே வைக்கும் கம்பியும் முக்கியம். நியூயார்க்கின் சுதந்திரதேவி சிலையில் செம்புத் தோலும் இரும்புச் சட்டமும் கடற்காற்றில் ஒன்றோடொன்று பட்டு, இரும்பு அரித்துப்போனது. 1980களில் சட்டத்தின் இரும்புப் பட்டைகளைப் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி கடற்கரைப் பக்கமோ சிலை வைப்பவர்கள் முதல் நாளே அந்த எஃகைக் கேட்டு வாங்க வேண்டும். ஊன்றிய காலுக்குள்ளே ஒரு தண்டு இறங்கி, பீடத்தின் கான்கிரீட்டுக்குள் ஆழமாகப் போக வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் கரையேறியது. அன்று எத்தனை மரங்கள் வேரோடு சாய்ந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

எங்கே வைப்பது? சாலையிலும் நடைபாதையிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பொது இடங்களில் இருக்கும் சிலைகளை எடுத்து, தலைவர்கள் பூங்கா அமைத்து அங்கே வைக்கச் சொல்லி 2021இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆட்டக்காரர் சிலைக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் இடம் நாற்சந்தி கிடையாது. மஞ்சக்குப்பத்தில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது. காலையில் ஓட வருகிற பிள்ளை தினமும் கடந்து போகிற வாசலில், முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத பீடத்தில் வைத்தால் போதும். தொடட்டும். பலர் கைபட்டு ஒரு முழங்கையோ பந்தோ பளபளவென்று ஆனால் அதுவும் நல்லதுதான், கைபடும் இடத்தில் களிம்பு தங்காது.

யாருக்கு என்ற கேள்விக்கு என் பதிலை மறைக்கப் போவதில்லை. கடலூருக்குச் சொந்தமான விளையாட்டுக் கதை பெண்கள் கால்பந்து. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்துப் பெண் பிள்ளைகளை வைத்து இங்கே ஒரு கால்பந்துப் பட்டறை வளர்ந்தது. கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி அணி இந்தியப் பெண்கள் லீக் வரைக்கும் போய் ஆடியது. கடலூர் இந்துமதி கதிரேசன், பண்ருட்டி சந்தியா ரங்கநாதன் என்று இந்திய அணியின் சட்டையைப் போட்டவர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள். பெண்கள் தேசியக் கால்பந்தில் நீண்ட காலம் கோலோச்சியது மணிப்பூர். 2018இல் அந்த மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வென்று தமிழ்நாடு முதல் தடவையாகப் பட்டம் வாங்கியது. 2023இல் மறுபடியும் வாங்கியது.

இவர்களில் ஒருவருக்குச் சிலை என்றால், உயிரோடு இருப்பவருக்கு, அதுவும் வயது இவ்வளவு குறைவானவருக்குச் சிலையா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். காமராஜர் இருக்கும்போதே 1961இல் நேரு வந்து சென்னையில் அவர் சிலையைத் திறந்தார். அப்படியும் தயக்கம் இருந்தால், ஒரு தனி ஆளின் முகம் இல்லாமல், வெறுங்காலோடு பந்தைத் தடுத்து நிறுத்துகிற ஒரு கடலோரப் பெண் பிள்ளையை வார்க்கலாம். எனக்கு அதுவும் சம்மதம். பெண் ஆட்டக்காரர்களுக்கு உலகமே தாமதமாகத்தான் விழித்தது. கால்பந்து பிறந்த இங்கிலாந்தில் ஒரு பெண் வீரருக்கு முதல் சிலை, லில்லி பாருக்கு, 2019இல்தான் மான்செஸ்டரில் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பிராண்டி சேஸ்டெய்னுக்கு வெண்கலச் சிலை வந்தபோது, அவர் 1999 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி தந்த பெனால்டியை அடித்து 20 ஆண்டு ஆகியிருந்தது.

சிலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலி இடமும் வேண்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் இனவெறிக்கு எதிராகக் கை உயர்த்தி நின்ற காட்சியைச் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் சிலையாக்கியபோது, இரண்டாம் இடத்துப் படியை வெறுமையாக விட்டார்கள். அங்கே நின்ற ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் நார்மன் விரும்பியதே அதுதான், பார்க்க வருகிற யாரும் ஏறி நிற்கட்டும் என்று. கடலூரிலும் ஒரு பிள்ளை பந்தை வாங்கிக்கொள்கிற மாதிரி எதிரே நிற்க நான்கடி தரை விட்டால் நன்றாக இருக்கும்.

கல்வெட்டு ஒன்று மிச்சம். நம் ஊர்களில் பல சிலைகளின் அடியில் திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர் என்று பலகை நிறைந்து, சிலையாக நிற்பவர் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுத இடம் இருப்பதில்லை. எந்தத் தெருவில் பழகினார், எந்த ஆட்டத்தில் எந்த நிமிஷத்தில் எந்தக் காலால் அடித்தார் என்பதை எழுதுங்கள். வார்த்த சிற்பியின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். அரசலாபுரத்துக் கல்லில் திறந்து வைத்தவர் யார் என்ற பேச்சே இல்லை. கோழி எந்தச் சேரிக்கு ஆடியது என்று இருக்கிறது.